கட்டி வைத்து அடித்தால் நீதி கிடைத்துவிடுமா?

"அவனக் கட்டி வச்சுத் தோல உரிக்கணும்!"

"கேசு கீசுன்னு எதுக்கு? தூக்குல போட்டாத்தான் மத்தவனுக்குப் பயம் வரும்!"

குழந்தையைக் கெடுத்தவன், பெண்ணைச் சீரழித்தவன், ஆளை வெட்டிச் சாய்த்தவன் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்த மறுநாள், செடெனாக் முதல் கூலாய் வரை ஒட்டுக்கடைகளிலும் லயத்து வாசல்களிலும் அடிபடும் பேச்சு இதுதான். செம்பனைக் குலை வெட்டுகிறவரும் இதையே சொல்கிறார். தோட்டத்தை விட்டு வெளியேறித் தொழிற்சாலைக்குப் பேருந்து ஏறுகிற பிள்ளைகளும் இதையே சொல்கிறார்கள். தாய்மார்கள் ஒருபடி மேலே போய்ச் சாபமே கொடுக்கிறார்கள்.

இந்தக் கோபத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. பச்சைக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைக் கேட்டும் இரத்தம் கொதிக்காதவன் மனிதனே இல்லை. ஆனால் கொதிக்கிற இரத்தம் நீதி வழங்குமா? அதைத்தான் இந்த வாரம் நம் மக்கள் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

சட்டம் சாதுவானதா?

"நம்ம நாட்டுல சட்டம் ரொம்ப லேசுய்யா" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. பாலியல் வல்லுறவுக்கு இருபது ஆண்டு வரை சிறை. சில சூழ்நிலைகளில் முப்பது ஆண்டு வரை. அதற்கு மேல் பிரம்படியும் உண்டு. பெரியவர்களுக்கு ஒரே தண்டனையில் 24 ரோத்தான் வரை கொடுக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஆணுக்குப் பிரம்படி இல்லை என்பது பொது விதி. பாலியல் வல்லுறவுக் குற்றவாளிக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

குழந்தைகளுக்காகவே 2017-ல் தனிச் சட்டம் ஒன்று வந்தது. குழந்தையை ஆசை காட்டித் தன்வசப்படுத்துவதே அந்தச் சட்டப்படி குற்றம். தகாத முறையில் தொடுவதற்கு இருபது ஆண்டு வரை சிறை. பெற்றவன், பாதுகாவலன், ஆசிரியன் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவன் செய்தால் தண்டனை இன்னும் கூடும். வேறு சாட்சியே இல்லாவிட்டாலும் குழந்தையின் சாட்சியத்தை மட்டும் வைத்து நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம்.

ஆக, புத்தகத்தில் தண்டனைக்குப் பஞ்சமில்லை. அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? அந்தச் சட்டம் பிறந்த கதையே அதற்குப் பதில் சொல்லும்.

ஹக்கிள் சொல்லித் தரும் பாடம்

ரிச்சர்ட் ஹக்கிள் என்ற ஆங்கிலேயன் 2006 முதல் 2014 வரை கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களோடு பழகினான். ஆங்கிலம் சொல்லித் தருகிறேன் என்றான். மாதா கோயில் காரியங்களில் ஒத்தாசை செய்தான். படம் பிடித்துக் கொடுத்தான். வெள்ளைக்காரன் நம் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறானே என்று பெற்றவர்கள் பூரித்துப் போனார்கள். அவனோ ஆறு மாதக் குழந்தை முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரை நாசம் செய்துகொண்டிருந்தான். ஏழைப் பிள்ளைகளை வளைப்பது சுலபம் என்று அவனே எழுதி வைத்திருந்தான்.

அவனை யார் பிடித்தது? நம்மிலிருந்து ஒரு புகார் போய் அவன் பிடிபடவில்லை. ஆஸ்திரேலியப் போலீசார் துப்புக் கொடுக்க, 2014 டிசம்பரில் இலண்டன் கேட்விக் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் அவனை மடக்கினார்கள். 71 குற்றங்களை ஒப்புக்கொண்டான். 2016 ஜூனில் இலண்டன் நீதிமன்றம் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் மலேசியாவே திடுக்கிட்டு விழித்தது. அடுத்த ஆண்டு புதுச் சட்டம் வந்தது.

2019 அக்டோபரில், சிறைக்குள்ளேயே வேறொரு கைதி ஹக்கிளைக் கொன்றுவிட்டான். "அவனுக்கு அதுதான் சரி" என்று சொல்லத் தோன்றும். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தக் கொலையால் கோலாலம்பூர்க் குழந்தை ஒன்றின் கண்ணீர் துடைக்கப்பட்டதா? இராத்திரியில் அலறி எழும் பிள்ளைக்குத் தூக்கம் வந்ததா? அந்தப் பிள்ளைக்கு அது எந்த விதத்திலும் உதவவில்லை. எட்டு ஆண்டுகளில் யாராவது ஒருவர், "இவன் நடத்தை சரியில்லை" என்று போலீசுக்குப் போயிருந்தால், எத்தனையோ குழந்தைகள் தப்பியிருப்பார்கள். தூக்குக் கயிறும் பிரம்பும் அப்போதும் இந்த நாட்டில் இருந்தன. அவை ஹக்கிளைப் பயமுறுத்தவில்லை. எவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்ற தைரியமே அவனை நடமாட விட்டது.

நம் வீட்டு வழக்கம்

இப்போது நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். ஊரான் செய்த குற்றத்துக்குத் தூக்குக் கேட்கிற நாம், சொந்தக்காரன் செய்தால் என்ன சொல்கிறோம்?

"வெளிய சொல்லாத, பொண்ணு பேரு கெட்டுப் போயிடும்."

"தாய்மாமன்தானே, பேசி முடிச்சிடலாம்."

"கோயில் தலைவர்கிட்ட சொல்லியாச்சு, அவன் தோட்டத்தை விட்டுப் போயிடுவான், விட்டுடு."

சில இடங்களில் கெடுத்தவனுக்கே கட்டி வைத்துக் கணக்கை முடிக்கிறார்கள். சில இடங்களில் ஐந்நூறு, ஆயிரம் வெள்ளி கை மாறுகிறது. தோட்டத்தை விட்டுப் போனவன் அடுத்த தோட்டத்துக்குத்தானே போகிறான்? அங்கே குழந்தைகள் இல்லையா?

பிள்ளைகளைக் கெடுப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். உறவினர், அண்டை வீட்டார், வீட்டுக்கு வந்து போகிறவர்கள். ஆனால் நம் சந்தேகம் முதலில் யார் மேல் பாய்கிறது? பக்கத்து லயத்தில் இருக்கும் வங்காளதேசத்துத் தொழிலாளி மேல், இந்தோனேசியக்காரன் மேல். அவனுக்கு இங்கே நாதியில்லை, அடித்தால் கேட்க ஆளில்லை. நாற்காலி போட்டு நாம் உட்கார வைத்த உறவுக்காரனோ சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கிறான்.

ஒன்றை மறக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். "குடும்ப மானம்" என்று மூடி மறைக்கிற பெரிய மனிதர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"உன் மகளுக்கு நடந்தா?"

"இப்படி நியாயம் பேசுறீங்களே, உங்க மகளுக்கு நடந்தா சும்மா இருப்பீங்களா?" என்று வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. பெற்றவன் சும்மா இருக்க மாட்டான். அரிவாளைத் தூக்கத்தான் அவன் கை துடிக்கும். அதனால்தான் பெற்றவனை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. வலி அவனுக்கு, தீர்ப்பு வேறொருவருக்கு என்று மனித சமுதாயம் பிரித்து வைத்தது அவன் வலியை மதிக்காததால் அல்ல. ஆத்திரத்தில் எடுத்த அரிவாள் தப்பான கழுத்தில் விழுந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தால்.

தமிழனுக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? கோவலன் கதை நமக்குத் தெரியாதா? பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமல் வெட்டச் சொன்னான் பாண்டியன். கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகு உண்மை தெரிந்தது. போன தலை திரும்பி வந்ததா?

பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2019 நவம்பரில் இந்தியாவின் ஹைதராபாத் அருகே ஒரு பெண் கால்நடை மருத்துவரைக் கெடுத்துக் கொன்று எரித்தார்கள். நாடே கொந்தளித்தது. டிசம்பர் 6-ஆம் தேதி, பிடிபட்ட நால்வரையும் போலீசார் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓடப் பார்த்தார்கள் என்றார்கள். மக்கள் போலீசார் மேல் பூ தூவினார்கள், பட்டாசு வெடித்தார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் விசாரித்தது. 2022-ல் வெளிவந்த அதன் அறிக்கை, கொல்ல வேண்டும் என்றே சுட்டார்கள் என்றும், நால்வரில் மூவர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா? எந்த நீதிமன்றமும் இனி அதைச் சொல்ல முடியாது. அந்த மருத்துவரைப் பெற்றவர்களுக்கும் தீர்ப்பு என்ற ஒன்று கிடைக்காமலே போய்விட்டது.

"போலீசு அடிச்சா நல்லதுதான்" என்று கைதட்டுகிறோமே, அந்த அடி கடைசியில் யார் முதுகில் விழுகிறது? 2009 சனவரியில், கார் திருட்டுச் சந்தேகத்தில் பிடிபட்ட 22 வயது குகன் சிலாங்கூரில் போலீஸ் காவலில் மாண்டான். அவன் மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை. போலீசாரும் அரசாங்கமும் பொறுப்பு என்று 2013-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செடெனாக்கிலிருந்து வடக்கே போனால் சிம்பாங் ரெங்கம். 1969-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின் பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வழக்கும் இல்லாமல், தீர்ப்பும் இல்லாமல் ஈராண்டு, நாலாண்டு என்று அடைபட்டுக் கிடந்தார்கள்! 2011-ல் நாடாளுமன்றம் அவசரகாலப் பிரகடனத்தை நீக்கிய பிறகுதான் அந்தச் சட்டம் ஒழிந்தது. விசாரிக்காமல் தண்டிக்கும் வழக்கம் வளர்ந்தால் முதலில் அடிபடுவது ஏழை வீட்டுப் பிள்ளை. நாம் ஏழைகள். இதை நாம் மறக்கலாமா?

கயிறும் பிரம்பும்

சரி, விசாரித்துக் குற்றம் ருசுவான பிறகு தூக்கில் போடலாமே என்பார்கள். கொலைக்குத் தூக்குத் தவிர வேறு தண்டனை கிடையாது என்ற நிலை நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தது. 2023 ஜூலை 4-ஆம் தேதி முதல் அது மாறிவிட்டது. இப்போது நீதிபதி தூக்கும் கொடுக்கலாம். அல்லது முப்பது முதல் நாற்பது ஆண்டு சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும் கொடுக்கலாம். ஒரே அளவு சட்டையை எல்லாருக்கும் மாட்டாமல், ஆளையும் செயலையும் பார்த்து அளந்து கொடு என்று சட்டம் சொல்கிறது. இதை நாம் வரவேற்கிறோம். நாற்பது ஆண்டு என்பது சின்ன விஷயமா? இருபது வயதில் உள்ளே போனவன் வெளியே வரும்போது கிழவன்.

பாலியல் குற்றத்துக்கும் தூக்கு வேண்டும் என்ற கூக்குரல் 2012 டிசம்பரில் டில்லிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு இந்தியா முழுவதும் எழுந்தது. அப்போது அமைத்த நீதிபதி வர்மா குழு 2013 சனவரி 23-ல் அறிக்கை கொடுத்தது. வல்லுறவுக் குற்றத்துக்கு மரண தண்டனை வேண்டாம் என்றே அந்தக் குழு சொன்னது. நாமும் யோசித்துப் பார்ப்போம். கெடுத்தாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சி சொல்லப் போகும் பிள்ளையைப் பாவி உயிரோடு விடுவானா? கெடுத்தவன் சித்தப்பன், புகார் கொடுத்தால் அவன் கழுத்தில் கயிறு என்றால், பாட்டியும் அத்தையும் அந்தப் பிள்ளையின் வாயை இன்னும் இறுக்கிப் பொத்த மாட்டார்களா? தண்டனை எல்லை மீறிப் போனால், அது பிள்ளையின் வாய்க்கே பூட்டாகிவிடும்.

பிரம்படியைப் பற்றியும் மனம் திறந்து சொல்லிவிடுகிறோம். "அடியாத மாடு பணியாது" என்று பழமொழி பேசுகிறோம். அந்தப் பழமொழியைச் சொல்லித்தான் நம் பாட்டன் பூட்டனை இந்த மண்ணில் அடித்தார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் துரையின் பூட்சுக் காலையும் கங்காணியின் பிரம்பையும் அறிந்தவர்கள். அடி பொறுக்காமல் ஓடியவனைச் சட்டம் சிறையில் தள்ளியது. அந்தக் கூலி முறை 1910-ல் ஒழிந்தது. சட்டத்தில் பிரம்பை எழுதி வைத்த வெள்ளைக்காரன் தன் நாட்டு நீதிமன்றத்தில் 1948-லேயே அதைக் கைவிட்டான். இந்தியா 1955-ல் கைவிட்டது. இலங்கை 2005-ல் கைவிட்டது. இங்கே அது இன்னும் நீடிக்கிறது. ஒரு மனிதனைக் கட்டி வைத்து அடிப்பதில், அடிபடுகிறவன் மட்டுமா சிறுமைப்படுகிறான்? அடிக்கச் சொன்ன நாமும் சிறுமைப்படுகிறோம். பல ஆண்டுச் சிறை போதாதென்று பிரம்பைச் சேர்ப்பதால் எந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கூடிவிடவில்லை என்பதே நம் கருத்து.

தண்டனை எதற்கு?

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். "பாவம், குடும்பஸ்தன்" என்று விட்டுவிடச் சொல்வதும் அநியாயம்தான்.

தண்டனையின் பயன் என்ன என்பதை வாச்சாத்தி மக்களிடம் கற்கலாம். தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமம் அது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ளே புகுந்தார்கள். அடித்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள், 18 பெண்களைச் சீரழித்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. அந்த மக்கள் விடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு நடந்த காலத்திலேயே 54 பேர் இறந்து போனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 செப்டம்பர் 29-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது.

அங்கே யாரையும் தூக்கில் போடவில்லை, கட்டி வைத்து அடிக்கவில்லை. "நீங்கள் சொன்னது பொய்யில்லை. உங்களுக்கு நடந்தது கொடுமை. செய்தவன் இவன்" என்று நாடறியச் சட்டம் சொன்னது. பதவியும் காக்கிச் சட்டையும் அவர்களைக் காப்பாற்றவில்லை. தண்டனையின் முதல் பயன் அதுதான்: அடிபட்டவள் தலை நிமிர வேண்டும். இரண்டாவது, செய்தவன் மறுபடி செய்ய முடியாமல் தடுக்க வேண்டும். திருக்குறளில் வெருவந்த செய்யாமை என்ற அதிகாரம் இதைத்தான் பேசுகிறது. தீர விசாரி, மறுபடி நடக்காத அளவுக்குத் தண்டி, அளவு மீறாதே என்பதே அங்கே வள்ளுவர் அரசனுக்குச் சொல்லும் புத்தி.

நாம் செய்ய வேண்டியது

வாச்சாத்திக்கு நீதி கிடைக்கப் பத்தொன்பது ஆண்டு பிடித்தது. நம் பிள்ளைகளை அவ்வளவு காலம் காக்க வைக்கக் கூடாது. அதற்கு நம் கையில் இருக்கிற காரியங்கள் சில உண்டு.

பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். "ஏன் அங்க போனே?" என்று அதட்டாதீர்கள். குளிப்பாட்டி, துணியைத் துவைத்துப் போட்டுவிடாதீர்கள். நேரே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். போலீசில் புகார் எழுதுங்கள். மலாய் சரியாக வராது என்று தயங்க வேண்டாம். படித்த பிள்ளை ஒன்றை, அல்லது சங்கத்துக்காரரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் தொலைபேசியில் சொல்லலாம். பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் போடச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆகவே "பேர் கெட்டுடும்" என்ற பயம் வேண்டாம். கெட வேண்டிய பெயர் செய்தவனுடையது.

சந்தேகப்பட்டவனை யாரும் தொடாதீர்கள். அடித்தால் வழக்குத்தான் கெடும். அடித்த நம் பிள்ளை கம்பி எண்ணப் போவான்.

தண்டனை முடிந்து ஒருவன் திரும்பி வந்தால்? மிகக் கஷ்டமான கேள்விதான். அவனைக் கல்லால் அடித்து விரட்டினால், யாருக்கும் அவனைத் தெரியாத ஊருக்குப் போவான். அது நமக்கு நிம்மதி, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆபத்து. வேலை செய்து பிழைக்க விடுங்கள். ஆனால் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மட்டும் அவனுக்கு வேலையில்லை. ஆயாக் கொட்டகையில், டியூஷன் வகுப்பில், கோயில் தேவார வகுப்பில், கால்பந்துக் குழுவில் அவனுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அவன் மட்டும் என்ன, பிள்ளைகளோடு பழக வருகிற எவரையும், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், விசாரித்துச் சேர்க்கிற வழக்கம் நம்மிடம் வர வேண்டும். ஹக்கிளை அன்று யாரும் விசாரிக்கவில்லை.

தோட்டத்துத் தாய்மார்களே, தோழர்களே! கோபம் ஒரு நாளில் ஆறிவிடும். அடுத்த செய்தி வரும்வரை மறந்தும் போகும். பிள்ளைக்குத் தேவை நம் கோபமில்லை. அதன் கையைப் பிடித்துக்கொண்டு போலீஸ் நிலையப் படி ஏறுகிற ஒருவர், மாதக் கணக்கில் வழக்கு இழுத்தாலும் பெரட்டுக்கு லீவு போட்டுக் கூடவே நீதிமன்றத்துக்கு வருகிற ஒருவர் வேண்டும். ஒட்டுக்கடையில் தூக்குத் தண்டனை கேட்பது சுலபம். சொந்த மச்சான் பெயரைப் புகாரில் எழுத வைப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் நம் லயங்களில் வளர்ந்தால், கயிறும் பிரம்பும் செய்ய முடியாத காரியத்தை அது செய்து காட்டும்.